போஸ்டரா, செய்திமடலா? லேஅவுட் பழக்க எதை முதலில் கொடுப்பது

லேஅவுட் (பக்கத்தில் எழுத்தையும் படத்தையும் அமைக்கும் வேலை) வகுப்பில் முதல் புராஜெக்ட் என்றாலே போஸ்டர்தான் என்று ஆகிவிட்டது. நானும் பல வருடம் அதைத்தான் கொடுத்தேன். கடைசி இரண்டு பேட்ச்சுக்கு மட்டும் மாற்றி, நான்கு பக்கச் செய்திமடல் கொடுத்துப் பார்த்தேன். இனி முதல் வேலையாகப் போஸ்டர் கொடுப்பதாக இல்லை.

போஸ்டருக்குச் சாதகமான விஷயங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரே பக்கம், இரண்டு வகுப்பில் முடிந்துவிடும், சுவரில் ஒட்டினால் செய்தவருக்கும் பெருமை. கான்ட்ராஸ்ட் என்றால் என்னவென்று காட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. தலைப்பை 96 பாயின்ட்டிலும் தேதியை 18 பாயின்ட்டிலும் வைத்து, பத்தடி தள்ளி நின்று பார்க்கச் சொன்னால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. நிறமும் அதில்தான் நன்றாகப் பழகும். செய்திமடலில் நிறத்துக்கு வேலை குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், போஸ்டரில் மொத்தமே நாற்பது சொல் இருக்கும். அதை இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் நகர்த்தி, கண்ணளவிலேயே சமாளித்துவிடலாம். கான்வா போன்ற கருவியில் டெம்ப்ளேட்டை எடுத்துக்கொண்டால் அந்த நகர்த்தலும் இல்லை. முடிவுகளையெல்லாம் வேறு யாரோ எடுத்து வைத்திருப்பார். ஆங்கிலத்தில் இரண்டு குட்டிச் சொற்களுக்காகப் போட்ட தலைப்புப் பெட்டியில் ‘நூற்றாண்டு நிறைவு விழா’ என்று அடித்ததும் அது மூன்று வரியாக உடையும். மாணவர் உடனே எழுத்தைச் சின்னதாக்குவார். டெம்ப்ளேட்டில் இருந்த ஒரே நல்ல விஷயம் அந்தப் பெரிய தலைப்புதான், அதுவும் போய்விடும்.

இரண்டுக்கும் நடுவே என் மனதை மாற்றியது ஒன்றே ஒன்று: திருத்தம் வந்தால் என்ன ஆகிறது?

லேஅவுட் முடிந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விடும் நாளில் நான் மாற்றிய பிரதியைக் கொடுப்பேன். ஒரு கட்டுரை அறுபது சொல் கூடியிருக்கும், இன்னொன்றில் படம் இருக்காது. (திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போவேன்.) போஸ்டரில் இப்படிச் செய்தால் ஒரு பெட்டியைத் தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று அசையாது. செய்திமடலில் அப்படித் தப்பிக்க முடியாது. பெட்டி நிரம்பி, மிச்சம் இருக்கிறது என்று மூலையில் சிவப்பு அடையாளம் வந்து நிற்கும்.

ஒரு மாணவி ஸ்கிரீனைக் காட்டினாள். “சார், எட்டு வார்த்தைதான் வெளிய நிக்குது. எழுத்தை ஒன்பதரை ஆக்கிடட்டுமா?”

“ஆக்கிக்கோ. அப்புறம் மூணாம் பக்கத்தையும் சேர்த்துப் பாரு.”

இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் எதிரெதிரே விரிபவை. ஒன்றில் ஒன்பதரை, மற்றதில் பத்தரை. வரிகள் ஒன்றுக்கொன்று நேராக உட்காரவில்லை, இடப்பக்கம் மட்டும் கறுத்துத் தெரிந்தது. அவளே பழையபடி மாற்றினாள். பிறகு கட்டுரையை ஒவ்வொரு பாராவாகப் பார்த்தபோது, மூன்று பாராக்களின் கடைசி வரியில் ஒற்றைச் சொல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டுரையைப் பார்த்துக்கொண்ட தோழியிடம் கேட்டு, பாராவுக்கு ஓரிரு சொல் குறைத்தாள். மூன்று வரி மீண்டது, சிவப்பு அடையாளம் மறைந்தது. சீர்மை, இடைவெளி, மறுபயன்பாடு என்று நான் பலகையில் எழுதிப் போட்டிருந்தவை அந்த இருபது நிமிடத்தில்தான் அவளுக்கு அர்த்தப்பட்டன.

ஸ்டைல் விஷயமும் இதே கதைதான். “உபதலைப்பு எல்லாவற்றையும் 14-லிருந்து 13 ஆக்குங்கள்” என்பேன். பாரா ஸ்டைல் (ஒரே வகைப் பாராக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பெயரிட்டு வைக்கும் அமைப்பு) போட்டு வைத்தவர் ஓரிடத்தில் மாற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். ஒவ்வொன்றாகக் கையால் செய்தவர் தேடித் தேடி மாற்றுவார், நான்காம் பக்கத்தில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கும். அடுத்த முறை யாரும் சொல்லாமலே ஸ்டைல் போடுகிறார்கள். பக்க எண், மேல்கோடு இவற்றை எல்லாப் பக்கத்திலும் ஒரேயடியாகப் போட்டுத்தரும் மாஸ்டர் பேஜும் அப்படியே. (லேஅவுட் மென்பொருளான இன்டிசைனின் 2022 பதிப்பிலிருந்து அதற்குப் பேரன்ட் பேஜ் என்று பெயர். பழைய வீடியோ பார்த்துப் பழகுபவர்கள் மெனுவில் தேடித் திணறுகிறார்கள்.)

தமிழ் என்பதால் இன்னொரு பாடமும் சேர்ந்துகொள்கிறது. ஏ4 பக்கத்தில் இரு ஓரமும் 15 மில்லிமீட்டர், பத்திகளுக்கு (எழுத்து ஓடும் நெடுவரிசைகளுக்கு) நடுவே 5 மில்லிமீட்டர் விட்டால், மூன்று பத்தி லேஅவுட்டில் ஒரு பத்தி சுமார் 57 மில்லிமீட்டர்தான் வரும். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ ஒரு வரியில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். அதை ஜஸ்டிஃபை செய்தால், அதாவது இரு ஓரமும் நேராக வரும்படி வரியை இழுத்தால், நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை. இரண்டு பத்தியாக்கினால் 87.5 மில்லிமீட்டர் கிடைக்கிறது, மூச்சு விட முடிகிறது. இல்லையென்றால் இடப்பக்கம் மட்டும் ஒழுங்குசெய்து வலப்பக்கத்தை அதன் போக்கில் விட வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் காரணத்தோடு தேர்ந்தெடுக்கிறார்கள்.

மென்பொருள் பற்றி இரண்டு வரி. இலவசம் என்றால் ஸ்கிரைபஸ், ஆனால் 1.6 பதிப்பு வேண்டும். பழைய 1.4-ல் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இன்டிசைனில் பாராவுக்கு, இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அதே அவதி. வேர்டிலும் செய்யலாம், படத்தை அசைத்ததும் எழுத்து ஓடுவதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால். கணினியிலேயே பக்கம் அமைப்பதற்கு டெஸ்க்டாப் பப்ளிஷிங் என்ற பெயரைப் பரப்பிய பால் பிரெய்னர்ட் செய்தித்தாள் துறையில் வேலை பார்த்தவர். 1985-ல் அவருடைய நிறுவனம் வெளியிட்ட பேஜ்மேக்கரும் பத்தி பத்தியாக எழுத்தை ஓடவிடத்தான் உருவானது. செய்திமடல் இந்த மென்பொருட்களுக்குப் பிறந்த வீடு மாதிரி.

குறைகளும் உண்டு. நாலு வாரம் ஆகிறது. முதல் முறை கட்டுரையையும் மாணவர்களையே எழுதச் சொல்லி, அதிலேயே பாதி நாள் போய்விட்டது. இப்போது எழுத்துப்பிரதியை நானே கொடுக்கிறேன். அர்த்தமில்லாத நிரப்பு எழுத்து உதவாது, படித்துப் பார்த்தால்தான் எது தலைப்பு, எது துணுக்கு என்று முடிவுசெய்ய முடியும். நான் சொல்வதெல்லாம் கல்லூரி வயதுப் பிள்ளைகளை வைத்து. பள்ளிப் பிள்ளைகளோடு செய்து பார்த்ததில்லை, அவர்களுக்குப் போஸ்டரே சரியாக இருக்கலாம். அச்சுக்கே போகாத, திரைக்கு மட்டுமான வேலையிலும் என் அனுபவம் கம்மி.

போஸ்டரை ஒதுக்கிவிடவில்லை, கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். செய்திமடலின் முதல் பக்கத்தையே ஏ3 போஸ்டராக மாற்றச் சொல்கிறேன். அதே எழுத்துரு, அதே ஓர அளவு. முன்பு போஸ்டரில் ஐந்து எழுத்துரு போட்டவர்கள் இப்போது இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அச்சிடும்போது ஒரு எச்சரிக்கை. ஏ3 தாளை நடுவில் மடித்தால் நாலு ஏ4 பக்கம்: ஒரு புறம் 4-ம் 1-ம், மறுபுறம் 2-ம் 3-ம். இரட்டைப் பக்க அச்சில் குறுகிய ஓரத்தில் திருப்பும்படி அமைக்க வேண்டும். முதல் பேட்ச்சில் நான் கவனிக்காமல் நீள ஓரத்தில் விட்டதில் பன்னிரண்டு பிரதிகளுக்கு உள்பக்கம் தலைகீழாக வந்தது. வீணாக வேண்டாமே என்று அவற்றைத்தான் அன்றைய விமர்சனத்துக்குப் பரப்பினோம். எழுத்தைப் படிக்க முடியாததால், எந்த மூலை கனக்கிறது, எங்கே வெறுமையாகக் கிடக்கிறது என்பது மட்டும் கண்ணில் பட்டது. இப்போது சரியாக அச்சான பிரதியையும் முதலில் தலைகீழாகப் பிடித்துக் காட்டச் சொல்கிறேன்.