மஞ்சள் முகமும் மணப்பெண் அலங்காரமும்: ஈரோட்டு அழகு நிலையம் ஒன்றைப் பற்றி

ஈரோட்டுப் பக்கம் மணமகள் அலங்காரத்துக்கு ஆள் தேடும் குடும்பங்கள் முதலில் விசாரிக்க வேண்டியது, நலுங்கில் பூசிய மஞ்சளை அந்த நிலையம் எப்படிக் கையாளும் என்பதைத்தான். மஞ்சளின் நிறமி நீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். ஆகவே எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் முகத்தில் தங்கிவிடும் மெல்லிய சாயல், அதன்மேல் இடும் ஃபவுண்டேஷனின் நிறத்தை மாற்றிவிடும். பெருந்துறைச் சாலையில் உள்ள இந்த நிலையத்தை நடத்தும் பெண்மணி அதை அறிந்தவர். என் தங்கையின் முகத்தைத் தேங்காய் எண்ணெய் தோய்த்த பஞ்சால் பொறுமையாகத் துடைத்து, கழுவி, தாடையோரத்தில் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்கினார்.

அதைவிடக் கடினமான வேலை, உடன் வந்திருந்தவர்களைச் சமாளிப்பது. எங்கள் அம்மாயிக்கு மஞ்சளும் குங்குமமும் கண்மையும் அலங்காரக் கணக்கிலேயே வராதவை. அவை சுமங்கலிக்குரிய முறைமை, உதட்டுச் சாயம் மட்டுமே மினுக்கு. தாத்தா இறந்த பிறகு அதே முறைமை அவரை மஞ்சளிலிருந்தும் விலக்கிவைத்தது என்றாலும், அதை அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. அம்மாவுக்கோ லிப்ஸ்டிக்கில் ஆட்சேபமே இல்லை. 1975இல் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லியைப் பார்த்து வளர்ந்தவர் அவர். 2020இல் அந்தக் களிம்பே தன் பெயரிலிருந்து 'ஃபேரை' எடுத்துவிட்ட பிறகும், "கலரைக் கொஞ்சம் ஏத்திக் காட்டுங்க" என்பதுதான் அவருடைய ஒரே கோரிக்கை. தங்கை கேட்டதோ தன் மாநிறம் மாறாத முகமும் அடர்சிவப்பு உதடும்.

அம்மாயி அம்மாவுக்குக் கொடுத்தது மினுக்குக் கூடாது என்ற விலக்கு, அம்மா எங்களுக்குக் கொடுத்தது நிறக்கவலை. இரண்டுக்கும் அடியில் இருப்பது மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற ஒரே அச்சம் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் பெண்மணி யாரோடும் வாதாடவில்லை. "மொகத்தை மட்டும் வெளுப்பாக்குனா கழுத்தும் கையும் வேற கலராத் தெரியுமுங்கம்மா" என்று தொழில் காரணத்தைச் சொல்லி அம்மாவை அமைதிப்படுத்திவிட்டு, உதட்டு நிறத்தை மணப்பெண்ணிடம் மட்டுமே கேட்டார். "கொஞ்சம் கொறச்சுக்க கண்ணு" என்றார் அம்மாயி. தங்கை குறைக்கவில்லை.

அதிகாலை முகூர்த்தத்தில் தொடங்கி மதியப் பந்தி முடியும் வரை பூச்சு கலையவில்லை; ஒட்டு இமையின் ஓரம் மட்டும் சற்றே எழும்பியது. சேலைக்கட்டும் தலைப்பூவும் சேர்த்து 18,000 ரூபாய் என்பது வேலையின் தரத்துக்கு நியாயமான விலை. ஆனால் மாநிறத்தை இவ்வளவு மதித்து வேலை செய்தவர், தன் விலைப்பலகையின் முதல் வரியில் நிறம் கூட்டும் ஃபேஷியலை வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கத்து மண்டபங்களுக்கு வந்துபோகத் தனிக் கட்டணம் உண்டு. முன்பணம் கொடுக்கும்போதே அதை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.