டிஸ்க்கைப் பிரிப்பதா, ஃபோல்டருக்கு எழுத்துக் கொடுப்பதா?

புது லப்டொப்பில் பெரும்பாலும் சி டிரைவ் ஒன்றுதான் இருக்கும். பழைய அல்பம் வேலைகளோ டி டிரைவில் இருந்த படங்களைத்தான் தேடும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தலையிடி. சி-க்கே இரண்டாவது எழுத்தும் போட, டிஸ்க்கைப் பிரிக்கும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட் விடாது. மிச்சம் இரண்டு வழி: சி-யைச் சுருக்கி டி பிரிப்பது, அல்லது சி-க்குள் இருக்கும் ஃபோல்டர் ஒன்றையே டி என்று காட்டுவது. எதைச் செய்தாலும், டி எழுத்தை சிடி டிரைவோ பென்டிரைவோ பிடித்திருந்தால் முதலில் அதற்கு வேறு எழுத்துக் கொடுங்கள்.

பிரிக்கும் முறை பலருக்கும் தெரியும். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட், சி மேல் வலது கிளிக், ஷ்ரிங்க் வொலியூம். அது எம்பி கணக்கில் கேட்கும், 100 ஜிபி வேண்டுமென்றால் 102400 என்று அடிக்க வேண்டும். பாதி டிஸ்க் காலியாக இருந்தும் கொஞ்ச இடம்தான் தருகிறதா? விண்டோஸ் தன் வேலைக்கு வைத்திருக்கும், நகர்த்த முடியாத பேஜ் ஃபைலோ ஹைபர்னேஷன் ஃபைலோ நடுவில் கிடக்கிறது. கரண்ட் போகும் ஊரில் பட்டரி நிறைய இருக்கும்போது மட்டும் இதில் கைவையுங்கள்.

வில்லங்கம் பிறகுதான். 256 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் ஏறக்குறைய 238 ஆகத்தான் தெரியும். அதில் 100-ஐ டி-க்குக் கொடுத்தால், ஆவணி முகூர்த்தங்களோடு டி நிறைந்துவிடும், சி-யில் இடம் சும்மா கிடக்கும். அல்லது சி நிறைந்து அப்டேட் நின்றுவிடும், டி காலியாக இருக்கும். சி-யை நீட்ட அதை ஒட்டி வலப்பக்கம் ஒதுக்கப்படாத இடம் வேண்டும். அங்கே நிற்பது டி. டி-யைச் சுருக்கினாலும் அந்த இடம் டி-க்கு அப்பால்தான் விழும், சி-யை நீட்டும் எக்ஸ்டென்ட் வொலியூம் மங்கலாகவே இருக்கும். விண்டோஸை மட்டும் வைத்து இதைச் சரிசெய்ய டி முழுவதையும் வெளியே எடுத்து, அழித்து, மறுபடி பிரிக்க வேண்டும். வயல் வரம்பென்றால் மண்வெட்டியால் தள்ளிப் போடலாம்.

ஃபோல்டர் வழியில் அந்த வரம்பே இல்லை. காலி இடம் முழுவதும் இரண்டுக்கும் பொது. ஆகவே என் கை இந்தப் பக்கம்தான். ஃபோல்டருக்கு டிரைவ் எழுத்துக் கொடுக்கும் சப்ஸ்ட் கட்டளை ஒரு வரியில் வேலையை முடிக்கும், ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் எழுத்து மறைந்துவிடும். அட்மின் அல்லாத சாதாரண கட்டளை விண்டோவில் அதைக் கொடுத்தால், அட்மினாக ஓடும் புரோகிராமுக்கு அந்த டிரைவ் தெரியாது. நிரந்தரமாக வேண்டுமென்றால், விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், செஷன் மேனேஜர், டொஸ் டிவைசஸ் வரை போங்கள். முதலில் அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். பிறகு புதிய ஸ்ட்ரிங் வல்யூ ஒன்று: பெயர் டி எழுத்தும் முக்காற்புள்ளியும். மதிப்பில் முதலில் பின்சாய்கோடு, இரண்டு கேள்விக்குறி, மறுபடி பின்சாய்கோடு, அதன்பின் ஃபோல்டரின் முழுப் பாதை. பலர் தவறவிடுவது அந்த நான்கு குறிகளைத்தான். ரீஸ்டார்ட் செய்ததும் எல்லா யூசருக்கும் டி தெரியும். ஃபோல்டரின் பெயரை மட்டும் பிறகு மாற்றாதீர்கள், எழுத்து செத்துவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடையில் கொடுத்து ஃபோர்மட் அடிக்கும் கணினி என்றால் பிரிப்பதே மேல். சி-யை அழிக்கும்போது ஃபோல்டரும் போய்விடும், தனி டி தப்பும். எஸ்எஸ்டியே பழுதானால் அதுவும் தப்பாது. கலியாணப் படங்களின் இன்னொரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும்.