மோடா சென்டர்: 2030 வரை குத்தகை உள்ள அரங்கில் ஒரு சீசன் டிக்கெட்

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடும் போர்ட்லண்ட் டிரெயில் பிளேஸர்ஸ் அணிக்குச் சீசன் டிக்கெட் எடுக்கலாமா என்று நண்பர்கள் கேட்டால், முன்பெல்லாம் எந்த வரிசையில் உட்காரலாம், எத்தனை ஆட்டங்கள் கொண்ட தொகுப்பு போதும் என்பதோடு என் பதில் முடிந்துவிடும். இப்போது அவர்கள் முதலில் கேட்பதே வேறு: புதிய முதலாளி அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவாரா? டல்லஸைச் சேர்ந்த டாம் டண்டன் தலைமையிலான குழு 400 கோடி டாலருக்கும் மேலான விலைக்கு அணியை வாங்க இசைந்த செய்தி 2025 ஆகஸ்டில் வெளியானதிலிருந்து, ஆட்டத்துக்கு வருகிறவர்கள் இடைவேளையில் ஆட்டத்தைவிடக் குத்தகைப் பத்திரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். ஆகவே அணியின் சொந்த அரங்கான மோடா சென்டரைப் பற்றிய இந்த மதிப்புரையில் இருக்கைக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் அந்தக் கேள்விக்கும் உண்டு.

அரங்குக்குப் போவது எளிது. நகரின் மேக்ஸ் ரயில் ஸ்டீல் பாலத்தின் வழியாக வில்லமெட் ஆற்றைக் கடந்ததும் ரோஸ் குவார்ட்டர் நிறுத்தம் வந்துவிடுகிறது. அங்கிருந்து வாசலுக்கு நடை தூரம்தான். கார் கொண்டுவந்து, ஆட்டம் முடிந்தபின் நிறுத்துமிடத்திலிருந்து வெளியேற ஊர்ந்துகொண்டிருப்பவர்களைப் பார்த்தால், ரயிலில் நின்றுகொண்டு போவதே மேல் என்று தோன்றும்.

நான் உட்காருவது 300 என்று தொடங்கும் எண்களைக் கொண்ட மேல் அடுக்கில். இந்த அரங்கின் சிறப்பை மேலே இருந்துதான் முழுமையாக உணர முடியும் என்பது என் துணிபு. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்து கூரையை அண்ணாந்து பாருங்கள்: 160 சுழலும் பலகைகள் அங்கே தொங்குகின்றன. கூடைப்பந்து ஆட்டம் என்றால் கூட்டத்தின் இரைச்சலைக் கீழே திருப்பியனுப்பும்படியும், இசை நிகழ்ச்சி என்றால் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும்படியும் அவற்றைத் திருப்பிவைக்கலாம். நான்காம் கால்பகுதியில் புள்ளிகள் சமமாகி, எதிரணி தன் முறையில் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது எழுகிற சத்தம் முன்னால் இருந்து வருவதில்லை. தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. பக்கத்து இருக்கைக்காரர் காதருகே வந்து கத்தினாலும் கேட்காது. 1995-இல் இதற்கென்றே யோசித்துச் செலவழித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

குறையும் அதே 1995-இல்தான் இருக்கிறது. ஏறத்தாழ 26 கோடி டாலர் செலவில், பெரும்பகுதி தனியார் பணத்தில் ரோஸ் கார்டன் என்ற பெயரோடு திறக்கப்பட்டு 2013-இல் பெயர் மாறிய இந்தக் கட்டடம், அதன் பிறகு பெரிய அளவில் புதுப்பிக்கப்படவே இல்லை. ரசிகனுக்கு அது தெரிவது நடைவழியில்: இடைவேளையில் உணவுக்கான வரிசையும் கழிப்பறைக்கான வரிசையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, எதில் நிற்கிறோம் என்று முன்னால் இருப்பவரைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. முதலாளிக்கு அது தெரிவது கணக்குப் புத்தகத்தில். ஓர் அணியின் தொலைக்காட்சி வருமானத்தில் பெரும்பகுதி லீக் முழுவதற்கும் பொதுவாகப் பகிரப்படுவது. ஆனால் தனியறைகள், விருந்தினர் கூடங்கள், விளம்பரப் பலகைகள், அரங்கைச் சுற்றியுள்ள கடைகள் ஆகியவற்றின் வருமானம் அந்தந்த ஊரிலேயே தங்கிவிடுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் 2019-இல் திறந்த சேஸ் சென்டர் அரங்கும், கிளிப்பர்ஸ் அணியின் முதலாளி ஸ்டீவ் பால்மர் இங்கிள்வுட்டில் 2024-இல் திறந்த இன்டூயிட் டோம் அரங்கும் அந்த வருமானத்துக்காகவே வடிவமைக்கப்பட்டவை. 400 கோடி டாலர் கொடுத்தவர் பழைய நடைவழியைப் பார்க்கும் கண்ணும் நாம் பார்க்கும் கண்ணும் ஒன்றாக இருக்க முடியாது.

கட்டடம் யாருடையது என்பதும் இங்கே சிக்கலான கதை. மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் 1988-இல் 7 கோடி டாலருக்கு அணியை வாங்கி, பிறகு அரங்கையும் கட்டினார். அரங்கை நடத்திய அவருடைய நிறுவனம் 2004-இல் திவால் மனு கொடுத்தது. கட்டடம் கடன் கொடுத்தவர்களின் கைக்குப் போனது. 2007-இல்தான் அவர் அதைத் திரும்பப் பெற்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆலனின் அணி ஆலன் கட்டிய அரங்கிலேயே வாடகைக்கு இருந்தது. அவர் 2018-இல் மறைந்தபின் சகோதரி ஜோடி ஆலனின் பொறுப்பில் அணி இருந்தது. சொத்துகளை விற்று அறப்பணிக்குக் கொடுக்க வேண்டும் என்பது பால் ஆலன் விட்டுச்சென்ற ஏற்பாடு என்பதால், விற்பனை ஒருநாள் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு முன்னேற்பாடாகவே 2024-இல் போர்ட்லண்ட் நகராட்சி அரங்கைத் தன் உடைமையாக்கிக்கொண்டு, 2030 வரை அணி இங்கேயே ஆடுவதற்கான ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது.

இந்த 2030 என்ற எண்ணைத்தான் பலர் மதில்போல நம்புகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏறத்தாழ 280 கிலோமீட்டர் வடக்கே சியாட்டிலில் நடந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கும் இராது. ஸ்டார்பக்ஸின் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 2006-இல் அந்த ஊரின் சூப்பர்சோனிக்ஸ் கூடைப்பந்து அணியை ஓக்லஹோமா சிட்டியைச் சேர்ந்த கிளே பென்னட்டின் குழுவுக்கு 35 கோடி டாலருக்கு விற்றார். சியாட்டிலிலேயே வைத்திருக்க முயல்வோம் என்றார்கள். பொதுப்பணத்தில் புதிய அரங்கு கேட்டார்கள். மாநிலச் சட்டமன்றம் தரவில்லை. அந்தக் குழுவில் ஒருவரே, சியாட்டிலில் வைத்திருப்பதற்காக நாங்கள் வாங்கவில்லை என்று ஒரு பத்திரிகையிடம் வாய்தவறிச் சொல்லி, லீக்கிடம் இரண்டரை லட்சம் டாலர் அபராதமும் கட்டினார். அணி ஆடிய கீ அரீனா அரங்கில் குத்தகை 2010 வரை இருந்தது. ஆனால் 2008 ஜூலையில் நகரத்துக்கு நாலரைக் கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டு அணி கிளம்பிவிட்டது. 1979-இல் பட்டம் வென்ற அணி. புதுமுகமாகக் கெவின் டுரான்ட் ஒரே ஒரு பருவம் ஆடிய அணி. இடமாற்றத்தை ஆதரித்து 28 முதலாளிகள் வாக்களித்தார்கள், எதிர்த்தவர்கள் இருவர்: டல்லஸின் மார்க் கியூபன், போர்ட்லண்டின் பால் ஆலன். அந்த இருவரில் ஒருவருடைய அணிக்குத்தான் இன்று இந்தக் கேள்வி வந்திருக்கிறது. குத்தகை என்பது பூட்டு அல்ல, விலைச்சீட்டு என்பதை அன்றைக்கே பார்த்துவிட்டோம்.

இருந்தாலும் டண்டனைக் கிளே பென்னட்டோடு ஒப்பிடுவது அவசரம் என்றே நினைக்கிறேன். அவர் 2018-இல் கரோலைனா ஹரிகேன்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியின் பெரும்பங்கை வாங்கினார். 1997-இல் ஹார்ட்ஃபோர்டிலிருந்து பெயர்ந்து வந்த அணி அது. கரோலைனாவிலிருந்தும் பெயரும் என்று அங்கும் ஆருடம் சொன்னார்கள். பெயரவில்லை. ராலி நகரத்து அரங்கில் 2023-இல் 20 ஆண்டுகளுக்குக் குத்தகையை நீட்டித்தார். பதிலுக்கு விடுதி, உணவு வரிகளிலிருந்து வரும் பொதுப்பணத்தில் 30 கோடி டாலர் புதுப்பிப்பும், அரங்கைச் சுற்றியுள்ள நிலத்தில் கட்டடங்கள் எழுப்பும் உரிமையும் பெற்றார். அதாவது அவர் பெயர்த்துக்கொண்டு ஓடுகிறவர் அல்லர். உட்கார்ந்து பேரம் பேசுகிறவர். ரோஸ் குவார்ட்டரைச் சுற்றி வெறும் நிறுத்துமிடங்களாகக் கிடக்கும் நிலத்தைப் பார்க்கும்போது, அவர் இங்கே என்ன கேட்பார் என்பதை ஊகிக்கச் சோதிடம் தேவையில்லை.

லீக்கின் கணக்கும் போர்ட்லண்டுக்குச் சாதகமாகவே இருக்கிறது. புதிய அணிகளைச் சேர்ப்பதென்றால் சியாட்டில், லாஸ் வேகஸ் என்ற இரண்டு பெயர்கள்தான் முன்னிற்கின்றன. புதிய அணிக்கான நுழைவுக் கட்டணத்தை இருக்கிற 30 முதலாளிகளும் பங்கிட்டுக்கொள்வார்கள். பிளேஸர்ஸ் அணி அங்கே குடிபெயர அனுமதித்தால், அந்தத் தொகை கைக்கு வராமலே போகும். தங்கள் பையிலிருந்து பணம் எடுத்து ஒருவருக்கு உதவ 29 பணக்காரர்கள் முன்வருவார்கள் என்று நான் நம்பவில்லை. சேக்ரமென்டோ கிங்ஸ் அணியைச் சியாட்டிலுக்குக் கொண்டுபோக 2013-இல் நடந்த முயற்சியை அவர்கள் 22-க்கு 8 என்று தோற்கடித்ததும் நினைவில் இருக்கட்டும். அங்கே காப்பாற்றியது ரசிகர்களின் கண்ணீர் மட்டுமல்ல. அணியை வாங்க விவேக் ரணதிவே தலைமையில் ஒரு குழுவும், புதிய அரங்குக்கு நகராட்சியின் பணமும் தயாராக இருந்தன. அந்த அரங்கு 2016-இல் திறந்தது.

ஆகவே என் கணிப்பு இதுதான்: அணி இங்கேயே இருக்கும், ஆனால் அதற்கான விலையில் ஒரு பகுதியை நகரமும் மாநிலமும் கொடுக்கும். அந்தப் பேரம் நீளும்போதெல்லாம் வேறு ஊர்களின் பெயர்கள் செய்தியில் அடிபடும். அவற்றைப் படித்துப் பதறித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்க வேண்டியது பேட்டிகளை அல்ல, 2030-க்குப் பிந்தைய குத்தகையில் கையெழுத்து விழுந்ததா என்பதை.

டிக்கெட்டுக்கு வருவோம். முழுப் பருவத்தின் 41 ஆட்டங்களையும் எடுத்துவிட்டு, வர முடியாதவற்றை மறுவிற்பனையில் தள்ளிவிடலாம் என்று எண்ணுகிறவர்கள் யோசிக்கவும். ஒருமுறை ஒரு மறுவிற்பனைச் செயலியில் என் இரண்டு இருக்கைகளைப் போட்டேன். வாரநாள் ஆட்டம், எதிரணியும் பலவீனமானது. விற்றது என்னவோ உண்மைதான். கட்டணம் போகக் கைக்கு வந்தது ஒரு டிக்கெட்டின் விலைகூட இல்லை. பாதிப் பருவத் தொகுப்பு போதும். அதையும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்துக்கொண்டால் போதும். 2026 முதல் பெண்கள் கூடைப்பந்து லீக்கின் போர்ட்லண்ட் ஃபயர் அணியும் இதே அரங்கில் ஆடுவதால், கோடைக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள்.

ஒரே ஓர் ஆட்டத்துக்கு வருகிறவர்கள் கீழ் அடுக்கில் மூலைக்குப் பணத்தைக் கொட்டுவதைவிட, மேல் அடுக்கின் முதல் சில வரிசைகளில் நடுப்பகுதியாகப் பார்த்து எடுப்பது நல்லது. ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தால் பக்கத்திலுள்ள மெமோரியல் கொலீசியத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். 1960-இல் திறந்த அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் 1977-இல் பிளேஸர்ஸ் தன் ஒரே பட்டத்தை வென்றது. அந்த ஆண்டு தொடங்கி 1995 வரை தொடர்ந்து 814 ஆட்டங்களுக்கு அங்கே ஓர் இருக்கைகூடக் காலியாக இருந்ததில்லை. நான் அடுத்த பருவத்துக்கும் அதே 300 அடுக்கில் பாதித் தொகுப்பைப் புதுப்பித்துவிட்டேன்.