முற்றமா, ஏசியா: செட்டிநாட்டு வீட்டின் கோடைக் கணக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் முதலில் விசாரிப்பது ஏசியின் விலையைத்தான். கடைக்காரர் சொல்லும் அந்த விலையோ மொத்தச் செலவில் ஒரு பங்கே.

ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கிறது என்று கொண்டால், இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடினாலே இரண்டு மாத ரீடிங்கில் 480 யூனிட் ஏறிவிடும். ஃபிரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்து அது 500-ஐத் தாண்டும்போது, கூடுதல் யூனிட்டுகளின் விலை உயர்வதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த சலுகையும் பறிபோகிறது. 75 வாட் மின்விசிறிக்கு அதே எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட் போதும். மின்சாரம் மிச்சப்படுத்தும் பிஎல்டிசி விசிறிக்கு அதில் பாதிகூட ஆகாது.

மின்கட்டணமாவது எண்ணாகக் கண்ணில் படுகிறது. செப்புக் குழாய்க்காகச் சுண்ணாம்புச் சுவரைத் துளைத்துச் சிமெண்டால் அடைத்தால், ஈரம் வெளியேற வழியின்றிச் சுற்றியுள்ள பூச்சு உப்பிப் பெயரத் தொடங்குவது எந்த ரசீதிலும் வராது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த அந்தப் பளபளப்பை மீட்டுத்தரும் கொத்தனார் இன்று எளிதில் அகப்படுவதுமில்லை. கூரை உயரம் என்று ஃபால்ஸ் சீலிங் அடித்துப் பர்மாத் தேக்கை மறைப்பது தனி வயிற்றெரிச்சல்.

முற்றமும் இலவசமாகக் குளிர்ச்சி தருவதில்லை. மழைக்கு முன் ஓடு மாற்றும் கூலி, குரங்குக்காக அடிக்கும் கம்பி வலை, பெருக்கித் துடைக்க ஆள் என்று அதற்கும் செலவு உண்டு. பகலில் சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறிவிட, உச்சிவெயிலிலும் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் ஆத்தங்குடிக் கல் தரையில் பாய்கூட விரிக்காமல் படுக்க முடிகிறது. ஆனால், தடித்த சுவர் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல விடுவதால், மே மாதத்தில் மாடி அறை நள்ளிரவு வரை புழுங்கும். அங்கே ஏசி வேண்டாம் என்பது வீம்பு.

வளவுக்கும் பட்டாலை என்னும் கூடத்துக்கும் விசிறி, படுக்கும் ஓர் அறைக்கு மட்டும் ஒரு டன் ஏசி, குழாய்க்குச் சுவரைத் தொடாமல் சன்னல் சட்டம் என்பதே என் தேர்வு. பல புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பங்குள்ள வீட்டில் மின் இணைப்பு ஒன்றே என்றால், விடுமுறைக்கு வந்து தங்கும் ஒருவரின் ஏசியே எல்லாரையும் 500-க்கு அப்பால் தள்ளிவிடக்கூடும் என்பதால், யார் எவ்வளவு இழுத்தார் என்று காட்ட அறைக்கொரு சப்-மீட்டரை முதலில் மாட்டிவிட்டுத்தான் ஏசி வாங்கப் போக வேண்டும்.