டிஸ்க், டிஜிட்டல், சாவி அட்டை: தோட்டத்துச் சாளைக்கு எது பொருந்தும்?

தீபாவளி போனஸ் கைக்கு வந்த மறுநாளே அத்தை மகன் கேட்டான்: "பிளேஸ்டேஷன் 5 வாங்கலாம் என்று இருக்கிறேன் மச்சான். டிஸ்க் போடுகிற பெட்டியா, டிஸ்க் இல்லாததா? பத்தாயிரம் குறைகிறதே."

பிளேஸ்டேஷன் 5 என்பது டிவியில் இணைத்து கேம் ஆடும் சோனியின் பெட்டி. டிஸ்க் இல்லாத டிஜிட்டல் வகையில் கேமை இணையத்தில் வாங்கிப் பதிவிறக்கித்தான் ஆட வேண்டும். அவனுக்கு வேலை திருப்பூரில், பனியன் கம்பெனியில். வீடு காங்கயத்துக்குத் தெற்கே, ஊரை விட்டு ஒதுங்கிய தோட்டத்துச் சாளை. கம்பிவழி இணையம் அங்கே இன்னும் எட்டவில்லை. கைப்பேசியில் நாளுக்கு 2 ஜிபி, அதுவும் தென்னைக்கு அந்தப்பக்கம் போனால்தான் ஒழுங்காக வரும். இன்றைக்குப் பெரிய கேம் ஒன்று 100 ஜிபியைத் தொடுகிறது. வேறு எதையும் பார்க்காமல் அதற்கே செலவழித்தாலும் ஐம்பது நாள் ஆகும். விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைத்தான் போட வேண்டும்.

'ஸ்லிம்' என்கிற மெலிந்த வகை பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2024 ஏப்ரலில் வந்தபோது டிஸ்க் பெட்டி 54,990 ரூபாய், டிஜிட்டல் பெட்டி 44,990. மிச்சமாகும் பத்தாயிரம் உண்மையில் மிச்சம்தானா? நான் 4,999 கொடுத்து வாங்கிய டிஸ்கை முடித்துவிட்டு மூவாயிரத்துக்கு விற்றேன். அந்தப் பணத்தில் இன்னொருவர் முடித்த டிஸ்க் வந்தது. இப்படி ஐந்து கை மாறினால் பத்தாயிரம் திரும்பிவிடும். டிஜிட்டலில் ஒரே கடை, அந்தக் கடை சொன்னதே விலை. முடித்த கேமை விற்க முடியாது, பங்காளி வீட்டுப் பையனுக்குக் கொடுக்கவும் முடியாது.

நிலம் வாங்கி விற்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டிஸ்க் என்பது கிரயம், டிஜிட்டல் என்பது குத்தகை. குத்தகைக்காரரை எப்போது வெளியேற்றுவது என்பது நிலத்துக்காரர் கையில். 2014இல் வந்த 'தி க்ரூ' கார்ப் பந்தய கேமின் சர்வர்களை அதை வெளியிட்ட யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. காசு கொடுத்தவர்கள் தனியாக ஓட்டிப் பார்க்கக்கூட வழியில்லாமல் போனது. இணையத்தை நம்பிய கேம் என்பதால் அதில் டிஸ்க் வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை.

டிஜிட்டலைச் சந்தேகப்படுகிறவர்களைப் பழைமைவாதிகள் என்று சொல்பவர்கள் 2013ஐ நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் மைக்ரோசாஃப்ட் தன் புதிய கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிவித்தது. 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பெட்டி இணையத்தைத் தொட வேண்டும், பயன்படுத்திய டிஸ்கைக் கைமாற்றக் கட்டுப்பாடு உண்டு என்றார்கள். இணையம் இல்லாதவர்களுக்குப் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்று எக்ஸ்பாக்ஸ் பொறுப்பில் இருந்த டான் மேட்ரிக் பதில் சொன்னார். ஜூனில் சோனி மேடையேறி, டிஸ்கை வழக்கம்போல் கொடுக்கலாம், வாங்கலாம் என்றது. விலையும் 499 டாலருக்கு எதிராக 399. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டுப்பாடுகளைத் திரும்பப் பெற்றது. வாங்குகிறவர்கள் முரண்டு பிடித்ததால் கிடைத்த வெற்றி அது. ஆனால் அன்று முன்வாசலில் விரட்டியதுதான் டிஸ்க் நுழையும் வாயே இல்லாத பெட்டியாகக் கொல்லைப்புறம் வழியாக வந்திருக்கிறது.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் இந்த வரிசையில் விலை குறைவானது. 2020இல் 34,990 ரூபாய்க்கு வந்தது. டிஸ்க் கிடையாது, 512 ஜிபி சேமிப்பில் கேமுக்குக் கிடைப்பது 364 ஜிபிதான். கோவையில் ஃபைபர் இணைப்போடு இருப்பவர் மாதக் கட்டணத்தில் பல கேம்களைத் தரும் எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் சந்தாவில் நிறைய ஆடிப் பார்க்கலாம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தாவும் குத்தகைதான். அமெரிக்காவில் கேம் பாஸின் உயர்வகையான அல்டிமேட் சந்தா 2025 அக்டோபரில் மாதம் 19.99 டாலரிலிருந்து 29.99க்கு ஏறியது.

நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் பெட்டியான ஸ்விட்ச் 2 தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2025 ஜூன் 5 அன்று 449.99 டாலருக்கு வந்தது. நம் நாட்டில் நின்டெண்டோவின் நேரடி விற்பனை இல்லை, இறக்குமதிதான். டிஸ்குக்குப் பதில் கேம் அட்டை கொடுக்கிறார்கள், சரி. ஆனால் பல கேம்களுக்கு வருவது சாவி அட்டை. அதற்குள் கேம் இல்லை. பதிவிறக்கும் உரிமை மட்டும் இருக்கிறது. முதல் முறை முழுக்கப் பதிவிறக்கிய பிறகும் ஆட வேண்டுமானால் அட்டையைச் செருகியே வைக்க வேண்டும். விற்கலாம், இரவல் கொடுக்கலாம் என்பது நல்ல விஷயம். ஆனாலும் பத்திரம் கையில், நிலம் வேறெங்கோ. 64 ஜிபி அட்டையில் 'சைபர்பங்க் 2077' கேம் முழுதாக வந்திருப்பதால், அட்டையிலேயே கொடுக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. மனம்தான் இல்லை.

டிஸ்கிலும் கள்ளம் உண்டு. 2022இல் வந்த 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2' பிளேஸ்டேஷன் 5 டிஸ்கில் இருந்தது 70 மெகாபைட் அளவுதான், மீதியெல்லாம் பதிவிறக்கம். ஸ்லிம் பெட்டியின் கழற்றி மாட்டும் டிஸ்க் டிரைவை முதல் முறை இணைக்கவும் இணையம் வேண்டும். அதைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் முடித்துவிடலாம் என்பதால் நான் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் வாங்குவதற்கு முன் டிஸ்க் உறையின் பின்பக்கத்தில் இணையம் தேவை என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அத்தை மகனிடம் டிஸ்க் பெட்டியையே வாங்கச் சொன்னேன். அவன் ஆடப்போகும் முதல் கேம் இப்போது தாராபுரத்தில் பெரியப்பா பேரனிடம் இருக்கிறது. உறையின் ஓரம் உடைந்து செலோடேப் ஒட்டியது, டிஸ்கின் விளிம்பில் ஒரு கீறல், ஆனாலும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறான்.