ஊர் நூலகம்: பழைய ஓட்டுக் கட்டடமா, புது கான்கிரீட்டா?

1948-இல் பொது நூலகச் சட்டம் வந்தபின், ஊர்க்காரர்கள் வாடகையின்றிக் கொடுத்த ஓட்டு வீடுகளிலும் கிளை நூலகங்கள் நடந்தன. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிகளில் புது நூலகங்கள் கட்டியது. பழையதைச் சீர்செய்வதா, இடித்துக் கட்டுவதா என்று தவிக்கும் ஊர்களுக்காக இது.

வெக்கை
ஓடு: சூடான காற்று ஓட்டிடுக்கு வழியே வெளியேறும், சித்திரையிலும் உட்கார்ந்து படிக்கலாம்.
கான்கிரீட்: பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சாயங்காலம் இறக்கும். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருவதே அப்போதுதான்! மொட்டைமாடியில் தட்டை ஓடு பதித்தால் ஓரளவு குறையும்.

மழை
ஓடு: ஒன்று நகர்ந்தாலும் ஒரே இரவில் அலமாரி நனையும்.
கான்கிரீட்: ஒழுங்காகக் கட்டியிருந்தால் கவலையில்லை.

கரையான்
ஓடு: மரச்சட்டம் அதற்கு இரை, மண்சுவர் அது ஏறிவரும் வழி.
கான்கிரீட்: குறைவு, ஆனாலும் இரும்பு அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள்.

செலவு
ஓடு: ஆண்டுதோறும் கொஞ்சம்.
கான்கிரீட்: தொடக்கத்திலேயே பெருந்தொகை.

சுவர் உறுதியாக இருந்து, ஓடு மாற்றத் தெரிந்த கொத்தனாரும் கிடைத்தால் பழையதை இடிக்காதீர்கள். திண்ணையோடு அப்படியொரு வாசிப்பறை இனி யாரும் கட்டித் தரப்போவதில்லை. தாழ்வான, வெள்ளம் நிற்கும் இடமென்றால் உயர்த்திக் கட்டிய கான்கிரீட்தான் புத்தகங்களைக் காப்பாற்றும்.