சுகர்காரங்களுக்கான ஹார்ட் செக்கப் பேக்கேஜ்: ஸ்கேன் சூப்பர், ரிப்போர்ட்தான் பாதி

11 வருஷமா சுகர், கூடவே பிபி, தொப்பையைப் பத்தி தனியா சொல்ல வேணாம். கொஞ்ச நாளா மாடி ஏறுனா மூச்சு வாங்குது, சரி பாத்துடுவோம்னு "டயபெடிக் ஹார்ட் பேக்கேஜ்"னு போட்டிருந்த ஒரு சென்டர்ல புக் பண்ணேன். பேரு சொல்லல, எந்த சென்டரா இருந்தாலும் இதையெல்லாம் கேட்டு வாங்கணும்ங்கறதுக்காகத்தான் எழுதறேன்.

முதல்ல நல்லது. எக்கோ, அதாவது இதய ஸ்கேன் எடுத்த டெக்னீஷியன் பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை, இடது பக்கம் திரும்பிப் படுங்க சார், மூச்ச விட்டு அப்படியே நிறுத்துங்க சார்னு இருபது நிமிஷம் ஒவ்வொரு ஆங்கிளா எடுத்தார். இசிஜி, ட்ரெட்மில் எல்லாம் டைமுக்கு முடிஞ்சுது, குறை இல்ல.

ரிப்போர்ட் வந்துச்சு. இஎஃப் 62 சதவீதம், ட்ரெட்மில் நெகட்டிவ், "நார்மல்". அவ்ளோதான். அப்புறம் ஏன்யா எனக்கு மூச்சு வாங்குது?

இஎஃப்ங்கறது இதயம் சுருங்கும்போது உள்ள இருக்கற ரத்தத்துல எவ்ளோ பங்கை வெளிய தள்ளுதுங்கற கணக்கு. சுகர்ல பெரும்பாலும் முதல்ல அடி வாங்கறது அது இல்ல, சுருங்குன தசை திரும்ப தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கற வேலை. துருத்தி மாதிரி நினைச்சுக்கோங்க, தோல் விறைச்சுப் போச்சுன்னா அமுக்கும்போது காத்து வரும், விரியத்தான் அடம் பிடிக்கும். ட்ரெட்மில் தேடறது முக்கியமா ரத்தக்குழாய் அடைப்பை, தசை விறைப்பை இல்ல. அடைப்பே இல்லாம சுகர்காரங்களுக்கு ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் நின்னு போறது இல்ல, உடம்புக்கு வேணுங்கற அளவு வேலை செய்ய முடியாம திணறுறது) வரும்னு ரூப்ளர்ங்கற டாக்டரும் கூட இருந்தவங்களும் 1972லயே நாலு பேஷன்ட்டோட இதயத்தை வச்சு எழுதிட்டாங்க, டயபெடிக் கார்டியோமயோபதி, அதாவது சுகரால வர்ற இதயத்தசை நோய்ங்கற பேரு அங்கிருந்து வந்ததுதான்.

ஏன் விறைக்குதுன்னு படிச்சப்போ எனக்கு தூக்கிவாரிப்போட்ட விஷயம் ஒன்னு. ஹெச்பிஏ1சி பாக்கறோம்ல, அது ரத்தத்துல ஹீமோகுளோபின் மேல சர்க்கரை ஒட்டுன அளவு. அதே மாதிரி இதயத்தசைக்கு நடுவுல இருக்கற கொலாஜன் நார்லயும் ஒட்டி, நாரை ஒன்னோட ஒன்னு பிணைச்சுடுது. சிவப்பணு சுமார் 120 நாள்ல புதுசா மாறிடும், அதனால ஏ1சி மூணு மாசத்துல இறங்கிடும், நாமளும் சந்தோஷப்பட்டுக்கறோம், ஆனா கொலாஜன் வருஷக்கணக்கா அப்படியே கிடக்குமே! போதாக்குறைக்கு எரிபொருள் பிரச்சனை வேற. இன்சுலின் சரியா வேலை செய்யலன்னா இதயம் குளுக்கோஸை ஓரங்கட்டிட்டு கொழுப்பையே எரிக்குது, அதுக்கு ஆக்சிஜன் அதிகம் செலவாகும், எரியாத மிச்சம் செல்லுக்குள்ளயே தேங்கும். தசை தளரணும்னா உள்ள வந்த கால்சியத்தை திரும்ப அள்ளி வைக்கணும், அதுக்கும் சக்தி வேணும். தளர்றதுன்னா சும்மா இருக்கறதுன்னு நினைச்சிட்டிருந்தேன், அதுவும் வேலைதானாம்.

திரும்பப் போய் டயஸ்டாலிக் அளவு, அதாவது இதயம் தளர்ற வேலையோட அளவு எங்கன்னு கேட்டேன். கவுன்ட்டர்ல ஒரு மாதிரி பாத்தாங்க, ரெண்டு நாள் கழிச்சு திருத்துன ரிப்போர்ட் தந்தாங்க: கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், தளர்ற வேலைல ஆரம்பக் கட்டக் குறை. டெக்னீஷியன் எல்லாத்தையும் அளந்துதான் வச்சிருக்கார், டைப் பண்ணும்போது விட்டுட்டாங்க! கிரேடு 1 வயசானாலும் வரும், அதுக்காக அலற வேண்டியதில்ல, ஆனா எழுதவே இல்லன்னா எப்படி. எக்கோலயே ஸ்ட்ரெயின்னு ஒரு அளவு இருக்கு, இஎஃப் நல்லா இருக்கும்போதே சுருங்கற வேலைல ஆரம்ப சரிவு இருந்தா காட்டிக் கொடுக்கும், அது இந்த பேக்கேஜ்ல கிடையாது.

கிடையாதது இன்னும் இருக்கு. வைட்டமின் டெஸ்ட்டா அடுக்குனவங்க என்டி-ப்ரோபிஎன்பி வைக்கல, இதயம் திணறுனா ரத்தத்துல ஏறுற ஒரு பொருளை அளக்கற டெஸ்ட் அது, பிஎன்பியும் அதே வகைதான். சுகர் இருக்கறவங்களுக்கு வருஷத்துக்கு ஒருதரமாவது பிஎன்பி இல்லன்னா இதைப் பாக்கணும்னு அமெரிக்க டயபெட்டிஸ் அசோசியேஷன் 2022ல அறிக்கையே விட்டாச்சு, என்டி-ப்ரோபிஎன்பி 125க்கு மேல போனா மேற்கொண்டு பாக்கணும். உடம்பு பெருத்தவங்களுக்கு இது கம்மியா காட்டும், அதையும் மனசுல வச்சுக்கணும். இடுப்பளவு எடுக்க ஒரு டேப் கூட இல்ல. மெட்டபாலிக் சின்ட்ரோம், அதாவது சுகர், இதய நோய்க்கு வழி விடற கோளாறெல்லாம் ஒன்னா சேந்திருக்கறதுன்னு முடிவு பண்ற அஞ்சுல ஒன்னு அது, மத்தது டிரைகிளிசரைடு, ஹெச்டிஎல், பிபி, வெறும் வயித்து சுகர், மூணு தப்பா இருந்தாலே கணக்குல வந்துடுவோம். எனக்கு வீட்ல அளந்து பாத்தப்போ நாலு.

கடைசில டாக்டர் கன்சல்டேஷன், நாலு நிமிஷம். என்ன மாத்திரை போடறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல, இதான் எனக்கு ரொம்ப கோவம். நான் பியோகிளிட்டசோன்னு ஒரு சுகர் மாத்திரை போட்டுட்டு இருந்தேன், உடம்புல நீர் கோத்துக்க வைக்கற மாத்திரை, ஹார்ட் ஃபெயிலியர் இருக்கறவங்களுக்கு ஆகாதுன்னு எச்சரிக்கையே உண்டு. மூச்சு வாங்குதுன்னு வந்தவன்கிட்ட கேக்க வேண்டாமா? வழக்கமா பாக்கற சுகர் டாக்டர்கிட்ட ரெண்டாவது ரிப்போர்ட்டை நீட்டுனேன், அவர் பியோகிளிட்டசோனை நிறுத்திட்டு எம்பாக்ளிஃப்ளோசின்னு வேற சுகர் மாத்திரை எழுதுனார். ஏற்கனவே இதய நோய் இருந்த சுகர்காரங்கள்ல ஹார்ட் ஃபெயிலியருக்கு அட்மிட் ஆகறதை 35 சதவீதம் குறைச்சுதுன்னு 2015ல வந்த ஆய்வுல பேரு வாங்குன மருந்து. யாரும் இதப் படிச்சிட்டு நீங்களா மாத்திரைல கை வைக்காதீங்க.

அஞ்சுக்கு ரெண்டரை. அதுல ரெண்டு அந்த டெக்னீஷியனுக்கு. போறதா இருந்தா பணம் கட்டறதுக்கு முன்னாடியே டயஸ்டாலிக் அளவெல்லாம் ரிப்போர்ட்ல வருமான்னு கேட்டுட்டு, மாத்திரை சீட்டை கையோட எடுத்துட்டுப் போங்க, கேக்கலன்னாலும் மேஜை மேல வைங்க.